செல்வி வைத்த அரை அடி

போன மாதம் நீங்கள் நாலு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். காபி குடித்தீர்கள், சுவரில் இருந்த பழைய படங்களைப் பார்த்தீர்கள், பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தீர்கள். 'நிற்கிறவர்கள்' என்ற என் ஆட்டத்தை மறுபடி மேடையேற்ற வேண்டும், அதற்கு என் சம்மதம் வேண்டும் என்றீர்கள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது உங்களில் ஒரு பெண், "கெழவிக்கு எம்புட்டுத் திமிரு பாரு" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. என் காதுக்கு இன்னும் வயசாகவில்லை, தங்கம். நீ சொன்னதில் தப்பும் இல்லை.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீங்களும் நான் செய்த வேலையைத்தான் செய்கிறீர்கள். இல்லாத ஒரு ஆட்டத்தை உண்டாக்குகிற வேலை. இதில் நான் செய்த ஒரு தப்பை நீங்களும் செய்வீர்கள். செய்யும்போது அது தப்பு என்றே தெரியாது. உலகத்திலேயே நல்ல காரியம் செய்கிற மாதிரி இருக்கும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். புது ஆட்டம் எப்படிப் பிறக்கிறது என்று கேட்டவர்களிடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் பேசியிருக்கிறேன். எல்லாம் கதை. பெரும்பாலான நாள் அது வெறும் பயம்தான். எட்டுப் பெண்கள் வேலையை முடித்துவிட்டு, பஸ் பிடித்து வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஏதோ இருப்பது போல நடிக்க வேண்டும். "சுத்தி வாங்க, பாப்போம்" என்று ஏதாவது சொல்ல வேண்டும். அவர்கள் சுற்றுவார்கள். அதில் ஏதாவது கிடைக்காதா என்று கண் அலையும். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

அப்புறம் ஒரு நாள் வந்துவிடும். எங்கிருந்து என்று தெரியாது. வந்தவுடன் உடம்பெல்லாம் லேசாகிவிடும். நான் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் பேசுவது அந்த மொழி. ஆட்டம் 'வந்துவிட்டால்' தமிழ் மறந்துபோய் என் மொழியில் தாளத்தை எண்ண ஆரம்பித்துவிடுவேனாம். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். "அக்கா பாஷை மாறிருச்சு, இனி நம்மள வீட்டுக்கு விடாது" என்பாள் செல்வி.

பாண்டிச்செல்வி அவள் முழுப்பெயர். அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், கல்யாணமாகிச் சமயநல்லூரில் இருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது இருக்கும். டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து நாலரைக்கெல்லாம் வந்துவிடுவாள். எங்கள் கூடம் சிம்மக்கல்லில் ஒரு மொத்த மளிகைக் கடையின் மாடி. கீழே வத்தல் மூட்டை இறக்கினால் மேலே எல்லோரும் தும்முவோம். தாளத்துக்குச் சரியாகத் தும்முகிற ஒரே ஆள் தான்தான் என்று அவள் பெருமை பேசிக்கொள்வாள். என்னிடம் பயமில்லாமல் பேசுகிற ஒரே ஆளும் அவள்தான்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதை நான்தான் ஏற்படுத்தினேன்; அதில் எனக்கு ரொம்பக் கர்வம். யாராவது அடியைத் தப்பாக வைத்தால் திருத்த மாட்டேன். "இன்னொரு தடவை" என்பேன். தப்பாக வைத்ததையே மறுபடி வைக்க வேண்டும். சரியாகச் செய்வதில் புதுசு எதுவும் இருக்காது. உடம்பு வழுக்குகிற இடத்தில்தான் நாம் யோசித்தே பார்க்காத ஒன்று வெளியே வரும். நீங்களும் இதைச் செய்கிறீர்கள், நான் பார்த்திருக்கிறேன். என் பழைய மாணவிகளிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கும்.

ஒரு பெண்கள் அமைப்பு எங்களிடம் புது ஆட்டம் ஒன்று கேட்டிருந்தது. வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றி, நாற்பது நிமிடம். நாள் முழுவதும் நின்றே வேலை செய்கிற பெண்களைப் பற்றிச் செய்வோம் என்று நான் முடிவு செய்தேன். செல்வியைப் பார்த்துத்தான் அந்த யோசனையே வந்தது. அவளிடம் சொன்னதற்குச் சிரித்தாள்.

"நிக்கிறதுல என்னக்கா ஆட்டம் இருக்கு? எங்க கடைக்கு வாங்க, டிக்கெட் இல்லாமப் பாக்கலாம்."

அவள் சொன்னது சரியாகப் போயிற்று. நிற்பதை வைத்து ஆட்டம் அமைப்பது லேசில்லை. ஒரு மாதம் முட்டினேன். ஒன்றும் வரவில்லை. நிகழ்ச்சிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. செய்ததையெல்லாம் கலைத்துக் கலைத்துப் பெண்களை வெறுப்பேற்றினேன். அமைப்புக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் சட்டி காலியாகிவிட்டது என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம். எல்லோரும் வலப்பக்கமாகத் திரும்பி இடது காலை ஊன்ற வேண்டும். ஏழு கால் ஒன்றாக விழுந்தது. எட்டாவது கால் விழவில்லை. செல்வியின் பாதம் தரைக்கு மேலே ஒரு நொடி அப்படியே நின்றது. கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டுப் பார்த்தது. இடுப்பு லேசாக இறங்கியது. அப்புறம்தான் பாதம் வைத்தாள். தரையிடம் அனுமதி கேட்டுவிட்டு வைத்த மாதிரி இருந்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நாள் முழுக்க நின்ற ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு நொடிக்குள் இருந்தது. ஒரு மாதமாக நான் தேடியது அதுதான்.

"நிறுத்து! செல்வி, இன்னொரு தடவை!"

அவள் என்னைப் பார்த்தாள். "தப்பா வச்சுட்டேன்க்கா" என்றாள்.

"தப்புத்தான் வேணும். இன்னொரு தடவை."

வைத்தாள். மறுபடி அதே போல் வந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அன்றைக்கு முப்பது நாற்பது தடவை வைக்கச் சொல்லியிருப்பேன். என் மொழியில் எண்ண ஆரம்பித்துவிட்டேன். பெண்கள் கைதட்டினார்கள். அந்த அடிக்கு அங்கேயே 'அரை அடி' என்று பெயர் வைத்தோம். ஒன்பது நாளில் நாற்பது நிமிட ஆட்டமும் அந்த அரை அடியைச் சுற்றி வளர்ந்து நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சந்தோஷம் நினைவிருக்கிறது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்களுக்கு வாசித்தவர் ஒரு தவில்காரர். எழுபதை நெருங்கியவர். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் பயிற்சி முடிந்து தவிலுக்கு உறை போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கோவிச்சுக்கிராத. அந்தப் பிள்ள கால் சொணங்கி விழுது."

"அதுதாண்ணே ஆட்டம்."

"ஆட்டத்துக்காகச் சொணங்குனா தினமும் ஒரே அளவாச் சொணங்கும். எனக்குக் காது பழகிரும். இது நாளுக்கு ஒரு மாதிரி விழுது. அவளுக்கு என்னமோ பண்ணுது. கேட்டுப்பாரு."

"ஒரே அளவா விழுந்தா அது மெஷின்ணே. நாளுக்கு ஒரு மாதிரி விழுறதாலதான் உயிரோட இருக்கு. நீங்க தவிலப் பாருங்க, காலை நான் பாத்துக்கிறேன்."

"சரித்தா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. வயசான மனுஷனிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

இங்கே ஒரு பொய்யை நான் சொல்லிக்கொள்ளலாம். எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை என்று. பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பதினாலு வயதிலிருந்து ஆட்டம் ஆடியவள் நான். வலிக்கிற கால் எப்படித் தரையைத் தொடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். உள்ளே எங்கேயோ தெரிந்திருந்தது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அடி போய்விடும். அதனால் கேட்கவில்லை. இதுதான் நடந்தது.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது செல்வி ஐந்து நாள் லீவு கேட்டாள். அண்ணன் மகளுக்குச் சடங்கு, அத்தைக்காரி இல்லாமல் நடக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அனுப்பினேன். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தாள். முகம் தெளிவாக இருந்தது, நல்லா தூங்கி எழுந்தவள் மாதிரி. ஆடச் சொன்னேன். திரும்பினாள், இடது காலை ஊன்றினாள். பாதம் பளிச்சென்று விழுந்தது.

அரை அடியைப் போடு என்றேன். போட்டாள். கட்டைவிரலைத் தொட்டு, இடுப்பை இறக்கி, எல்லாம் கணக்காகச் செய்தாள். ஆனால் அதில் ஒன்றும் இல்லை. மற்ற ஏழு பேர் போடுகிற அரை அடி மாதிரி ஆகிவிட்டது. அவர்களை நான் தினமும் திட்டிக்கொண்டிருந்தேன்: "செல்விக்கு வர்றது ஒங்களுக்கு ஏன் வரமாட்டேங்குது? பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?" இப்போது செல்விக்கே வரவில்லை.

"என்னடி ஆச்சு?" என்று கத்தினேன். "ஊருக்குப் போய் கறிச்சோறு தின்னுட்டு அடியத் தொலச்சுட்டு வந்திருக்க. செத்துப்போச்சே!"

அவள் முகம் சுருங்கியது. எதிர்த்துப் பேசுகிறவள் அன்று பேசவில்லை.

"நாளைக்கு வந்துரும்க்கா" என்றாள்.

மறுநாள் வந்துவிட்டது. முன்னைவிட நன்றாகவே வந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று சாமிக்குக் கும்பிடு போட்டேன்.

முதல் நிகழ்ச்சி முடிந்ததும் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. பார்க்க வந்த பெண்கள் பலர் அழுதுவிட்டார்கள். ஒரு ஜவுளிக் கடைப் பெண் மேடைக்குப் பின்னால் வந்து செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். என்னையும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அந்த அடி எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். "ஒரு புதன்கிழமை வந்தது" என்றேன். அடக்கமாகச் சொல்வதாக நினைப்பு. யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தோன்றவில்லை. நிகழ்ச்சித் தாளில் நடன அமைப்பு என்று என் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆடியவர்கள் பட்டியலில் அவள் பெயர் ஐந்தாவது.

அடுத்தடுத்து கூப்பிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது நிகழ்ச்சிகள் நன்றாகப் போயின. நாலாவது ஒரு கல்லூரி அரங்கத்தில், பகல் பதினொரு மணிக்கு. கடைசிப் பகுதியில் எட்டுப் பேரும் வரிசையாக நின்று அரை அடி வைத்தபடி முன்னால் வரவேண்டும். ஐந்தாவது அடியில் செல்வியின் கால் தரையைத் தொட்டது, தாங்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் மடங்கி விழுந்தாள். சத்தமே வரவில்லை. கையை ஊன்றி எழப் பார்த்தாள். முடியாமல் மறுபடி சரிந்தாள்.

அரங்கம் முழுக்கக் கைதட்டியது. ஆட்டத்தில் அப்படி இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

நான் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அவள் விழுந்ததும் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? 'அடடா, முடிவு இதுதான். இதை அப்படியே வச்சுக்கலாம்.' ஒரு நொடியோ இரண்டு நொடியோதான். ஆனால் வந்தது. என் ஆட்டக்காரி எலும்பு நோகத் தரையில் கிடக்கும்போது, எனக்குள் இருந்த அந்தப் படைக்கிற புத்தி கையில் அளவுகோலோடு நின்றுகொண்டிருந்தது.

நிறுத்தியவர் தவில்காரர். வாசிப்பைப் பாதியில் விட்டு, தவிலைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து மேடைக்கு நடுவே போனார். "பிள்ளயத் தூக்குங்கப்பா" என்று அவர் சொன்ன பிறகுதான் கைதட்டல் நின்றது. அதற்கப்புறம்தான் நான் ஓடினேன்.

முட்டியில் ஜவ்வு முழுசாகக் கிழிந்திருந்தது. டாக்டர் படத்தைக் காட்டினார். இது இன்று கிழிந்ததில்லை என்றார். முதலில் லேசாக விட்டிருக்கிறது. அப்போதே ஓய்வு கொடுத்து, பெல்ட் போட்டுக்கொண்டு இருந்திருந்தால் ஆறியிருக்கும். விட்ட காலிலேயே மாசக்கணக்கில் திரும்பத் திரும்ப ஊன்றியதில் உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம். ரொம்ப நேரம் நிற்க முடியாது. ஆட்டம் கூடவே கூடாது.

செல்வியின் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசாத மனுஷன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் எழுந்து நின்றார். மரியாதை கெடாமல்தான் கேட்டார்.

"நீங்க பாக்கலையாக்கா? தெனமும் அவ காலத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

வீட்டுக்குப் போய் போனில் இருந்த பயிற்சி வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் நூறு தடவை முன்பே பார்த்திருக்கிறேன். ஆனால் காலை மட்டும்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு அரை அடிக்கும் முன்னால் செல்வி பல்லைக் கடித்துக்கொள்கிறாள். எல்லா வீடியோவிலும் அப்படித்தான். மறைக்கக்கூட இல்லை. பச்சையாகத் தெரிகிறது. அழுது தீர்த்தேன். என்ன பிரயோசனம்?

அதோடு நிறுத்தினேனா? இல்லை. இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் செல்வி என் கையைப் பிடித்து, "ஆட்டத்த நிறுத்திராதீங்கக்கா" என்றாள். ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகள் இன்னும் இருந்தன. அவளே சொல்லிவிட்டாள் என்று அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். செல்வியின் இடத்தில் நித்யா என்ற இருபத்துநாலு வயதுப் பெண்ணை நிறுத்தினேன். குறைந்த ஆளுக்குப் புதிதாக ஒருத்தியையும் சேர்த்தேன். நித்யா குழுவில் வரிசையின் கடைசியில் நிற்பவள், வாய் பேசாதவள். முதல் இரண்டு வாரம் அவளுக்கு அரை அடி வரவே இல்லை. திட்டினேன். திட்டும்போது என் குரல் எனக்கே கேட்டது, ஆனாலும் திட்டினேன். மூன்றாவது வாரம் வந்துவிட்டது. அசல் செல்விதான். சின்ன வயசு, உடம்பில் தெம்பு இருக்கிறது, கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

செல்வியைப் பார்க்கச் சமயநல்லூர் போக எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அவ்வளவு பயம். போனபோது கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஜவுளிக் கடை வேலை போய்விட்டது. நிற்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கக்கா. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றுதான் வந்தது. அதிலும் பழி அவள் மேல்தான்.

பூண்டை உரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாளே முட்டி பிசகிவிட்டது, கடையில் ஸ்டூலிலிருந்து இறங்கும்போது. சடங்குக்குப் போன ஐந்து நாளும் பெல்ட் போட்டு, மாத்திரை சாப்பிட்டு, சடங்கு நேரம் போக மற்ற நேரமெல்லாம் படுத்தே கிடந்ததில் வலி நன்றாகக் குறைந்துவிட்டது.

"சந்தோஷமா வந்தேன்க்கா. நீங்க அடி செத்துப்போச்சுன்னீங்க. அன்னைக்கே பெல்ட்டக் கழட்டிட்டேன். மாத்திரையும் நிப்பாட்டிட்டேன். கடையில இருந்து பஸ்ஸு ஏறாம நடந்தே வருவேன். நடந்தா முட்டி வீங்கிரும். வீங்கிருச்சுன்னா அந்த அடி தன்னால வந்துரும்."

"லூசாடி நீ? ஒரு அடிக்காகவா?" என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தினாள். "ஒங்களுக்கு அடி நெறைய இருக்குக்கா. இது போனா இன்னொண்ணு செய்வீங்க. எனக்கு அது ஒண்ணுதான். நான் வச்ச அடி அது. வலிக்குதுன்னு சொன்னா நீங்க எடுத்துருவீங்கள்ல?"

அவள் வைத்த அடி. நான் 'வந்தது' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டத்தை உண்டாக்கும்போது நமக்கு வருகிற அந்தப் பித்து, அந்த லேசான உடம்பு, அது அவளுக்கும் வந்திருக்கிறது. நான் அமைக்கிறவள், அவள் ஆடுகிறவள் என்று நினைத்திருந்தேன். அந்தப் புதன்கிழமை ஆட்டம் அமைத்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தன் காலைப் போட்டாள். இன்னொருத்தி தன் பெயரைப் போட்டுக்கொண்டாள். என் முட்டிகள் இரண்டும் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கின்றன.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "அழுகாதீங்கக்கா, எனக்கும் வந்துரும்" என்றாள். அவளும் கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நித்யா பயிற்சி வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தாள். எனக்குக் காட்டினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்தோம்.

"நல்லாப் போடுறாள்ல?" என்றேன், அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து.

"நல்லாத்தான் போடுறா." செல்வி வீடியோவைப் பின்னால் தள்ளி அந்த இடத்தை மறுபடி போட்டாள். "என் காலப் பாத்த மாதிரியே இருக்கு. அதான்க்கா எனக்குக் கலக்கமா இருக்கு. நடிச்சா அப்படி வராது. நான் அஞ்சு நாள் கழிச்சு நல்லாகி வந்தப்ப நடிச்சுப் பாத்தேன்ல, வரல. அவளுக்கு எங்கயாச்சும் வலிக்குதான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அத்தனைக்கும் பிறகும் நான் கேட்கவில்லை.

அங்கிருந்து நேராகக் கூடத்துக்குத்தான் போனேன். சாயங்காலப் பயிற்சிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். நித்யாவை நடுவில் உட்காரச் சொன்னேன். எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். முட்டியை அழுத்திப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பாதத்தைக் காட்டு என்றேன். தயங்கினாள். இடது குதிங்காலில் தோல் நிறத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வெடிப்புக்கு எல்லோரும் ஒட்டிக்கொள்வதுதான். அதனால் நான் கண்டுகொண்டதே இல்லை. மெல்லப் பிரித்தேன். உள்ளேயிருந்து ஒரு புளியமுத்து தரையில் விழுந்து உருண்டது. அது இருந்த இடத்தில் தோல் குழிந்து, கறுத்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது.

"என்னடி இது?"

"வலிச்சாத்தானக்கா அந்த அடி வருது?" என்றாள், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. "செல்வியக்காவுக்கு வர்றது ஒங்களுக்கு ஏன் வரமாட்டேங்குதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்ல. அதான்."

நான் அவள் பாதத்தை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். எத்தனை நாளாக என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் நின்றிருந்தவர்களில் மூன்று பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தரையில் உட்கார்ந்து தங்கள் குதிங்காலில் இருந்த பிளாஸ்திரியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.